ஆக்சலாட்டலுக்கு யார் விஷம் வைத்தது?

வியாழன், காலை 8.40.

சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் ஒரு சாவு விழுந்துவிட்டது. செத்தது ஆள் இல்லை, ஆக்சலாட்டல். ஆனாலும் எழுந்த அமளியைப் பார்த்தால் மொதலாளியின் மாமனாரே போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருந்தது.

ஆக்சலாட்டல் என்றால் தண்ணீருக்குள்ளேயே குடியிருக்கும் பிராணி. நாலு கால், தலைக்கு இருபுறமும் சிவப்புக் குஞ்சமாகச் செவுள், எந்நேரமும் சிரிக்கிற வாய். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர் குழந்தைகள் பனியனில் அதன் படத்தை அச்சடிக்கக் கேட்டிருந்தார். ஆர்டர் கிடைத்த உற்சாகத்தில் மொதலாளி நிஜமாகவே ஒரு ஜோடியை வாங்கிவந்து, பெருமாநல்லூர்க் கம்பெனியின் ஷோரூமிலேயே கண்ணாடித் தொட்டி வைத்து விட்டார். எட்டு மாதமாக முத்துவும் பவளமும் அங்கே சுகமாகத்தான் இருந்தன. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த பையரே வருகிறார். இன்றைக்குப் பார்த்து முத்து மல்லாந்து கிடக்கிறது.

பவளத்துக்கு உயிர் இருந்தது. ஆனால் செவுள் முன்பக்கமாகச் சுருண்டிருந்தது. நிமிஷத்துக்கொரு தரம் மேலே வந்து வாயைத் திறந்தது. தண்ணீரோ அப்படியொரு தெளிவு. பில்டரின் மேலுறை பளிச்சென்று வெள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லாத தொட்டி. அதனால்தான் எல்லார் வாயிலும் ஒரே சொல் ஓடியது: விஷம்.

லேப் இன்சார்ஜ் வேல்விழியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாயப் பட்டறைக்குள் வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் அவள் கையெழுத்தில்லாமல் நகராது. முப்பது வயது, வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட நீளம்.

அவள் வருவதற்குள் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி கேமராப் பதிவை ஓட்டிக் காட்டினார். புதன் மாலை 6.10. தொட்டிக்குள் கையை விட்டு என்னமோ செய்கிறாள் ஒச்சம்மாள். செக்கிங் செக்‌ஷனில் துணி பார்ப்பவள், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, மண்ணரையில் ஒற்றை அறையில் குடியிருப்பவள். இந்த ஜோடிக்குத் தீனி போடுவதும் அவள்தான். போதாக்குறைக்குப் போன வாரம் நாற்பது பெண்கள் கேட்க ஒரு வார்த்தை விட்டிருந்தாள். தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்க ராப்பகலாக மெஷின் ஓடுகிறது, நாற்பது பேருக்கு ரெண்டே ரெண்டு காற்றாடி, அந்தப் பிராணியாகப் பிறந்திருந்தால் கொடுத்து வைத்திருக்கும் என்று.

“மத்தியானத்துக்குள்ள அவள வெளிய அனுப்பீருங்க. மத்த கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு மெசேஜ் போட்டுருங்க,” என்றார் மொதலாளி. பேசிக்கொண்டே மேனேஜரின் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். அது அவர் சுபாவம். ஒரு பொட்டு அழுக்கு கண்ணில் பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வேல்விழி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அந்த ஒரு மெசேஜ் போனால் போதும், விஷம் வைத்தவள் என்ற பெயரோடு ஒச்சம்மாளைத் திருப்பூரில் ஒரு கம்பெனியும் வாசலில் சேர்க்காது.

“அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்கண்ணா. விசம்னா என்ன விசம்னு நான் சொல்றேன். அப்புறம் அனுப்புங்க.”

மொதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து என்றால் ஐந்துதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலை 9.15.

உயிரோடு இருப்பதை முதலில் பார்ப்போம் என்று, ஒரு டப்பில் சோதித்த சுத்தத் தண்ணீர் பிடித்து, ஐஸ் உறைந்த பாட்டிலை மிதக்கவிட்டுக் குளிர வைத்து, பவளத்தை அதற்கு மாற்றினாள். பிறகுதான் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்தாள்.

குளோரின் இல்லை. உப்பும் காரத்தன்மையும் போன வாரம் அவள் நோட்டில் எழுதிய அளவுதான். குளிர்ச்சியும் சரி. கடைசியாக, சாயக் கழிவுநீரில் அம்மோனியா பார்க்கிற மருந்தை விட்டாள். ஒன்றும் இல்லாவிட்டால் மஞ்சளாக நிற்கவேண்டிய குழாய் கரும்பச்சைக்கு ஓடியது.

ஆக, விஷம் இருப்பது மெய். ஆனால் அம்மோனியாவை யாரும் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதில்லையே. அந்தப் பிராணிகளின் கழிவிலேயே தினமும் ஊறுகிற சரக்கு அது. எட்டு மாதமாகக் கொல்லாதது இந்த வாரம் எப்படிக் கொன்றது?

காலை 11.30.

ஒச்சம்மாள் டைனிங் ஹாலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. வேல்விழி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“நேத்து சாயங்காலம் கைய விட்டது எதுக்குங்கக்கா?”

“திங்காத புழுவ எடுக்கத்தேன் தாயி. செவ்வாக்கெழமையில இருந்து ரெண்டும் எரையத் தொடல. அழுகிப் போகுமேன்னு எடுத்துப் போட்டேன். பிள்ளைகளாட்டம் வளத்தேன், நான் விசம் வப்பேனா?”

“அதுக்கு முன்னால தொட்டியில ஏதாவது மாறியிருந்துதா?”

யோசித்துச் சொன்னாள். பில்டர் செவுளை உறிஞ்சி இழுக்காமல் இருக்க, எட்டு மாதம் முன் அவளே ஒரு மேலுறை தைத்து ஸ்பாஞ்சின் மேல் மாட்டியிருந்தாள். ப்ளீச்சிங்கும் போகாத, சாயமும் ஏறாத, பின்னல் மெஷினிலிருந்து அப்படியே இறங்கிய பச்சைத் துணியில் தைத்தது. நாள்பட நாள்பட உறையும் ஸ்பாஞ்சும் காப்பி நிறமாகிவிட்டன. சனிக்கிழமை வேலை முடிந்து போகும்போதும் காப்பி நிறம்தான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வெள்ளை வெளேர். பையர் வருகிறாரே, ஆபீசில் புதுசு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம்.

வேல்விழி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. எல்லாரும் புதன்கிழமையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, காரியம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், அவர்கள் காலத்தில் கேமரா இல்லாவிட்டாலும்.

பிற்பகல் 2.10.

கேமராப் பதிவு இரண்டு நாளுக்குமேல் நிற்காது, ஞாயிறு அழிந்துபோயிருந்தது. ஷோரூம் சாவி இரண்டே பேரிடம். ஒன்று மொதலாளி, மற்றது மேனேஜர். ஞாயிறன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதும் ஈஸ்வரமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது. சனி சாயங்காலமே கொமரலிங்கத்தில் தங்கை மகன் காதுகுத்துக்குப் போய்த் திங்கள் காலை திரும்பியதைப் போட்டோ போட்டோவாகத் தள்ளிக் காட்டினார். பந்தியில் பரிமாறுகிற படமே ஏழு இருந்தது. ஞாயிறன்று கம்பெனியில் என்ன ஓடியது என்று கேட்டாள். பையருக்கான வெள்ளைச் சாம்பிள் லாட் மட்டும் ப்ளீச்சிங் ஆனது என்றார். வெள்ளை லாட்டை யார் பக்கத்திலேயே நின்று இறக்குவார் என்பது கம்பெனியில் பூனைக்குக்கூடத் தெரியும். வேல்விழி அதற்குமேல் கேட்கவில்லை.

மாலை 5.00.

லேப் வாசலில் செக்கிங் பெண்கள் கூடிவிட்டார்கள். உள்ளே மொதலாளி, மேனேஜர், ஒச்சம்மாள். வேல்விழி சொல்லப்போகிற பெயர் லேசானதில்லை. தப்பினால் ஒச்சம்மாளோடு அவளும் கேட்டைத் தாண்ட வேண்டியதுதான்.

கலர் பார்க்கிற லைட் பாக்ஸின் முன்னால் இரண்டு துணி. ஒன்று பச்சைத் துணிக் கிழிசல், மற்றது பில்டர் மேலுறை.

“இது புது உறை இல்லைங்க. அக்கா தச்சப்ப ஒரு மூலையில மூணு தையல் விட்டுப் போயிருக்குது, இந்தா பாருங்க. அதே உறைதான். இப்ப வெளிச்சத்த மாத்தறேன்.”

அறை விளக்கை அணைத்து, பாக்ஸில் யு.வி. என்கிற புற ஊதா பல்பைப் போட்டாள். பச்சைத் துணி மங்கலாகக் கிடந்தது. உறை நீலமாக ஜொலித்தது. நன்றாகப் பார்க்கலாம் என்று மொதலாளி கையை நீட்டினார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கையும் அதே நீலத்தில் ஜொலித்தது. வாசலில் யாரோ ‘அடியாத்தி’ என்றார்கள்.

“வெள்ளை கூட்டற ஒயிட்னர் ஏறுன துணி மட்டுந்தான் இப்படி மின்னும். நம்ம ப்ளீச்சிங் மெஷின்ல வெள்ளை லாட்டோட வெந்து வந்திருக்குது இந்த உறையும், உள்ள இருந்த ஸ்பாஞ்சும். ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு மேனேஜர் ஊர்லயே இல்லை. சாவி இன்னும் ஒருத்தர்கிட்டத்தான் இருந்துது.” மொதலாளி பக்கம் திரும்பினாள். “அது நீங்கதானுங்கண்ணா.”

மொதலாளி மேலுறையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.

“ஆமா. நாந்தான் போட்டேன்,” என்றார். “அவ்ளோ கறையா ஒரு துணி தண்ணிக்குள்ள தொங்குது. பையர் பாத்தா நம்ம வெள்ளைய நம்புவானா? சுத்தம் பண்றது ஒரு தப்பா அம்மிணி? சுத்தத்துல எப்படிச் சாவும்?”

மறைக்க நினைத்த பேச்சில்லை அது. இரண்டையும் சேர்த்து அவர் யோசித்ததே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“அது கறை இல்லைங்கண்ணா, உசுரு. நம்ம கழிவுநீர்த் தொட்டியில சாணியும் வெல்லமும் கரைச்சு ஊத்திக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வளக்கறமல்லங்க? அது செத்தா கம்பெனிக்கே சீல் வெச்சிருவாங்கன்னு நீங்கதான எனக்கே சொல்லிக் குடுத்தீங்க? அதே சாதிப் பூச்சிதான் அந்தக் காப்பிக் கலர்ல இருந்துது. முத்துவும் பவளமும் கழிக்கறத எட்டு மாசமா தின்னு தீத்துட்டு இருந்துது. நீங்க அதைப் பூராவும் வேக வெச்சுட்டீங்க. நாலு நாள்ல அம்மோனியா ஏறி, முத்து போயிருச்சு.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு ஒச்சம்மாளைப் பார்த்து, மன்னிச்சுக்கம்மா என்றார். மெல்லத்தான் சொன்னார்.

ஒச்சம்மாள் விடவில்லை. “நாப்பது பேரும் என்னைய விசம் வச்சவளுன்னு நெனைக்கிறாக மொதலாளி. நாப்பது பேருக்கு முன்னால இல்லைன்னு சொல்லுங்க.”

5.20க்கு செக்கிங் செக்‌ஷன் மைக்கில் மொதலாளியின் குரல் கேட்டது. முத்துவைக் கொன்றது தான்தான், ஒச்சம்மாள் பேரில் ஒரு தப்பும் கிடையாது என்று தன் வாயாலேயே சொன்னார். எழும்பிய கைதட்டலில் மெஷின் சத்தமே அமுங்கிப் போனது. வேல்விழிக்குக் கண் கலங்கியது. துடைக்காமல் அவளும் சேர்ந்து தட்டினாள்.

உனக்கு என்ன வேணும் கேளு என்றார் மொதலாளி, ஒச்சம்மாளிடம்.

“எனக்குன்னு ஒண்ணும் வேணாம். தொட்டிக்குக் குடுத்த குளிரக் கொஞ்சம் எங்களுக்கும் குடுங்க.”

வெள்ளி, காலை 10.00.

செக்கிங் செக்‌ஷனில் நான்கு பெரிய ஏர் கூலர்கள் ஓடின. ஷோரூம் தொட்டியில் புதுத் தண்ணீர். மண்ணரை மீன் கடைக்காரரிடம் வேல்விழி கெஞ்சி வாங்கிவந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்று, பார்க்கச் சகிக்காத காப்பி நிறத்தில், பில்டரில் உட்கார்ந்திருந்தது. பவளத்தின் செவுள் மறுபடி சிவந்து விரிந்திருந்தது. பையர் குனிந்து பார்க்க, ஒச்சம்மாள் ஒரு மண்புழுவை நீட்டினாள். லபக்கென்று விழுங்கியது. மூன்று நாளில் அதன் முதல் சாப்பாடு.

பையர் கை குலுக்கினார். பக்கத்தில் நின்ற சென்னியப்பனின் கை தன்னையறியாமல் அந்த அழுக்கு ஸ்பாஞ்சை நோக்கிப் போயிற்று.

“அண்ணா,” என்றாள் வேல்விழி.

கை பாதியில் நின்றது. தொட்டிக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘இதை யாரும் துவைக்கக் கூடாது.’ கீழே கையெழுத்து, சென்னியப்பன்.