குருவி கொட்டிய சத்துநீர்

அம்மா தராசில் உருளைக்கிழங்கை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"நாலு தடவை எடை போட்டாச்சு. அதுக்குள்ள அது இளைச்சா போயிடும்?" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "ரத்தப் பரிசோதனையில போன மாசத்தை விட அளவு ரெண்டு மடங்கு ஏறியிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. நான்தான் எங்கயோ தப்பா அளந்திருக்கேன்."

எதிரே உட்கார்ந்திருந்த குருவி தலை குனிந்துகொண்டாள். அவளுக்குப் பத்து வயது. குருவி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர்.

குருவியின் உடம்பில் பிறந்ததிலிருந்தே ஒரு நொதி இல்லை. முட்டை, பால், பருப்பு, இறைச்சி என எதைச் சாப்பிட்டாலும், அதிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியை அவள் உடம்பால் மாற்ற முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். அதிகம் சேர்ந்தால் மூளைக்கு ஆகாது. உருளைக்கிழங்கில்கூடக் கொஞ்சம் புரதம் உண்டு; அதனால் அவளுக்குச் சாப்பாடு அளந்துதான். மற்ற சத்துகளுக்காக ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கி மூன்று வேளை குடிக்க வேண்டும். குடிக்காமல் விட்டால் உடம்பு தன் தசையையே கரைக்கும்; அப்போதும் ரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

மதிய வேளைச் சத்துநீரைப் பாட்டிலில் பள்ளிக்குக் கொண்டுபோவாள். அங்கேதான் வம்பு. பக்கத்தில் உட்காரும் குண்டூசி என்ற பையன் ஒருநாள் அவள் பாட்டிலைத் திறந்ததும், "ஐயே! ஈர சாக்ஸ் நாத்தம்!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது.

அன்றிலிருந்து மூன்று வாரமாகக் குருவி சத்துநீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, காலி பாட்டிலோடு வீடு திரும்பினாள். கணக்குப் பாடம் தலையில் ஏறவில்லை. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது.

"நாளையிலேருந்து உருளைக்கிழங்கைப் பாதியாக் குறைச்சிடறேன்." அம்மாவின் குரல் கம்மியது. "என் கவனக்குறைவால இவ அரைவயிறா கிடக்கணும்."

அரைவயிற்றைக்கூடக் குருவி பொறுத்துக்கொள்வாள். அந்தக் குரலைப் பொறுக்க முடியவில்லை.

"நீ சரியாத்தான் அளந்தேம்மா. நான்தான் ஸ்கூல்ல குடிக்கறதில்ல. கொட்டிடறேன்."

அம்மா தராசின் சுவிட்சை அணைத்தார். திட்டு விழும் என்று குருவி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

குருவி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நான் வந்து டீச்சர்கிட்ட பேசட்டுமா?"

"வேண்டாம்மா. நானே பேசிக்கறேன்."

மறுநாள் மதியம் குருவி தொட்டிப் பக்கம் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாட்டிலைத் திறந்தாள்.

குண்டூசி மூக்கைப் பொத்தினான். "ஐயே, மறுபடியுமா?"

"நாத்தம்தான்," என்றாள் குருவி. "மோந்து பாக்கற உனக்கே இப்படின்னா, குடிக்கற எனக்கு எப்படி இருக்கும்?"

குண்டூசி பாட்டிலை எட்டிப் பார்த்தான். "அப்புறம் ஏன் குடிக்கற?"

"குடிக்கலன்னா என் மூளைக்குக் கெடுதல். முட்டை, பால் எதுவும் எனக்கு ஆகாது. அதுக்குப் பதிலா இது."

"தினமுமா?"

"தினமும் மூணு தடவை."

"எது வரைக்கும்?"

"எப்பவுமே."

குண்டூசி மூக்கிலிருந்து கையை எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். திரும்பவும் பொத்திக்கொண்டான். "சரி, குடி. நீ முடிக்கிற வரைக்கும் நானும் மூச்சு விடமாட்டேன். சீக்கிரம்!"

குருவி பாட்டிலை வாயில் வைத்தாள். பின் பெஞ்சில் இரண்டு பேர் எண்ணத் தொடங்கினார்கள். பதினொன்றில் குண்டூசியின் கன்னம் உப்பியது. பதினான்கில் காது சிவந்தது.

பதினைந்தில் குருவி காலி பாட்டிலை டொக்கென்று பெஞ்சின் மேல் வைத்தாள்.

"மூச்சு விடுடா," என்றாள்.