மச்சினன் பிடித்த கயிறு

"ஒரு ஆளுக்குத்தான் அனுமதி இருக்கு, சுபேதார். ரெண்டாவது ஆள் எதுக்கு?"

போனில் நிதி அதிகாரி இப்படிக் கேட்டதும் சுபேதார் சவரிராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே முன்னூறு அடிப் பள்ளத்தில், ஒரு பாறை விளிம்பில், நாயக் பூவலிங்கம் கால் உடைந்து கிடக்கிறான். பயிற்சியின்போது காற்று அவன் பாராசூட்டை அடித்துக்கொண்டு போய் அங்கே போட்டு இரண்டு நாளாகிறது. ஹெலிகாப்டர் நுழைய இடமில்லை. மேற்கே மழை கறுத்து நிற்கிறது. பெய்தால் அருவி அவனை வாரிக்கொண்டு போய்விடும். இந்த லட்சணத்தில் இவருக்கு ஆள் கணக்கு!

அந்தச் செங்குத்துப் பாறையில் இறங்கத் தெரிந்தவர்கள் அந்த மலையில் தேன் எடுப்பவர்கள்தான். மாதன் கொடி ஏணியோடு தயாராக வந்துவிட்டான். ஆனால், அவன் இடுப்புக் கயிற்றை மேலே பிடிப்பவன் அவன் மனைவியின் தம்பி காரியாகத்தான் இருக்க வேண்டுமாம். பட்டாளத்துக்காரர்கள் ஆறு பேர் பிடிக்கிறோம் என்று சவரிராயன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க பலசாலிங்கதான் சார். ஆனா எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவுங்க அக்காவா அழப்போறா?" என்றான் மாதன்.

சவரிராயன் அதை அப்படியே போனில் சொன்னார். அதிகாரி சிரித்தார். விதியில் அதெல்லாம் இல்லை, இன்னொரு வெளியாள் வேண்டுமென்றால் புதிதாக எழுதி அனுப்புங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

"திங்கட்கிழமை நான் பிணம் தூக்கத்தான் ஆள் கேக்கணும் சார். அதுக்கு எத்தனை பேர் தருவீங்க?"

போனை வைத்துவிட்டுக் காரியைக் கூப்பிட்டார். வேலை போனால் மயிரே போச்சு!

காரி மரவேரில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தான். மாதன் சரசரவென்று இறங்கினான். பாதி வழியில் ஏணி அறுந்தது! மாதன் அந்தரத்தில் தொங்க, கயிறு காரியின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. காரி பல்லைக் கடித்தான், விடவில்லை. ஓட்டம் நின்றது. மாதன் பாறையில் கால் ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி, பூவலிங்கம் கிடந்த விளிம்பைத் தொட்டான். பூவலிங்கத்தை இன்னொரு கயிற்றில் கட்டியதும் சிப்பாய்கள் இழுத்தார்கள். மாதனைக் காரி மட்டுமே இழுத்தான்.

அவர்கள் மேலே வந்து சேர்வதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

முகாமுக்குத் திரும்பியதும் மறுபடி போன். அனுமதியில்லாமல் போன அந்த இரண்டாவது ஆளுக்கு என்ன விளக்கம் என்று கேட்டார் அதிகாரி. சவரிராயன் போனைத் தூக்குப்படுக்கையில் கிடந்தவனிடம் கொடுத்தார்.

"நாயக் பூவலிங்கம் பேசுறேன் சார். ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறாங்க. யாரு தேவையில்லைன்னு சொல்லுங்க, நானே அவர்கிட்ட சொல்லிர்றேன்."

அதிகாரி, அந்த மச்சினனின் முழுப்பெயர் என்ன, எழுதிக்கொள்கிறேன் என்றார்.