பசை ஏறாத இழை

மூன்றாம் முறை சோப்புப் போட்டுக் கழுவியும் மணிக்கட்டிலிருந்த கருப்பு இழை போகவில்லை. நகத்தால் கிள்ளி இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. பயந்துபோய் மடக்கினாள், பட்டென்று முறிந்து, மீதி தோலுக்குள் நழுவிப்போயிற்று.

கார்பன் இழை ஆலையில் அவள் ஷிப்ட் பொறுப்பாளர். பழைய பூச்சை உலையில் எரித்து, இழையை அமிலத்தில் முக்கிச் சொரசொரப்பாக்கி, பசையில் குளிப்பாட்டி உலர்த்திய பிறகே பொடியாக நறுக்க வேண்டும். அப்போதுதான் அச்சில் வார்க்கையில் பிளாஸ்டிக்கோடு ஒட்டும். பசை ஏறாததை நறுக்கினால் தூசாகப் பறக்கும். போன வாரம் பசைத் தொட்டி வற்றியது தெரிந்தும், மேலே கெட்ட பெயர் வருமே என்று அவள் எந்திரத்தை நிறுத்தவில்லை. நறுக்கும் இடத்தில் நின்றவன் சொந்தத் தம்பி.

"அக்கா, மூச்சு முட்டுது. நிறுத்தச் சொல்லேன்."

"வேலைன்னாலே உனக்கு மூச்சு முட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

இப்போது உள்ளறையில் கிடக்கிறான். வெறும் சளிதான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். சொன்னதிலிருந்து அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படியிலேயே நின்றுகொள்வாள்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பழைய பூச்சு எரியும் நாற்றம் லேசாக மூக்கில் ஏறியது; அதற்கும் அடியில், ஆலையில் உருளைகள்மேல் இழை ஓடும் அந்தச் சன்னமான சரசரப்பு, நிற்காமல், அவசரமில்லாமல், உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினாள்.

அம்மா முதுகு காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை ஏறி இறங்கியது.

"வந்துட்டியா? சளி இளகிடுச்சும்மா. எவ்வளவு வருது பாரு."

தம்பியின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கருப்புப் பட்டை. நூல்கண்டு சுற்றுவதுபோல அம்மா அதைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை கையே தெரியவில்லை. தம்பியின் கழுத்துக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

கண்கள் விழித்திருந்தன.

"கை ஓஞ்சுபோச்சு. கொஞ்சம் நீ சுத்து."

"அம்மா... அது சளி இல்ல..."

"பின்ன என்ன?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். கபடமில்லாத முகம். சொல்லிவிடலாம். இப்போதே.

"ஒண்ணுமில்லம்மா."

பட்டையை வாங்கினாள். சூடு. உள்ளே நாடி துடித்தது.

தம்பி தலையை அசைத்தான். வேண்டாம்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சுற்றினாள். அவன் கன்னங்கள் உள்ளே போயின. நெற்றி மடிந்தது. தலையணையில் கண்கள் மட்டும், இமைக்காமல், அவளையே பார்த்தபடி.