முத்திரை உடையாத பக்கம்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு என்று இருந்ததாம்.

குழந்தைகளுக்கான மருந்தளவுக் கையேடு அது. அதை மின்னூலாக்கி முந்நூறு மருத்துவமனைகளுக்கு அனுப்பியவள் அவள்தான். அனுப்பிய பிறகு யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும்படி மின் முத்திரை வைத்திருந்தாள். மாற்றாத நூலில் பச்சை தெரியும், மாற்றினால் சிவப்பு.

"பச்சையாத்தாங்க இருக்கு," என்றாள் தொலைபேசியில் நர்ஸ். "ஆனா காய்ச்சல் மருந்து நாலு மில்லின்னு போட்டிருக்கு. நேத்து ரெண்டுதானே இருந்துச்சு?"

"பச்சைன்னா யாரும் மாத்தலைன்னு அர்த்தம்மா. நல்லாப் பாருங்க."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

எரிச்சல் தலைக்கேறியது. மூன்று மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை. மதியச் சாப்பாடு மேசையிலேயே காய்ந்து கிடக்க, அடுத்த அறையில் மகன் காய்ச்சலில் முனகும் சத்தமும் கணவர் ஈரத்துணி பிழியும் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. அனுப்பிய நூலில் அந்த எண்ணை இரண்டு என்று திருத்தினாள். புது முத்திரை வைத்து மறுபடி அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் வேறொரு மருத்துவமனை அழைத்தது. ஆறு மில்லியாம். பச்சைதானாம்.

எவன் நுழைகிறான் என்று பார்த்துவிடலாம். இணைய இணைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எங்கும் அனுப்பாத தன் மூலக் கோப்பைத் திறந்தாள். கணினியிலிருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாடை வந்தது.

எட்டு.

பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். கையேட்டை எழுதிய மருத்துவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தந்த அச்சுப்படி உள்ளே இருந்தது. காகிதத்தில் எவன் கைவைக்க முடியும்? புரட்டினாள்.

பத்து. அழித்த தடமே இல்லை. கீழே அதே கையெழுத்து.

இப்போதுதான் பயம் வந்தது. இரண்டு. இரண்டேதான். அவளுக்கு மனப்பாடம். அவள் தலைக்குள் எவனும் நுழைய முடியாது.

"ஏம்மா!" கணவர் கூப்பிட்டார். "உடம்பு கொதிக்குது. மருந்து எத்தனை மில்லி குடுக்கணும்? உனக்குத்தான் தெரியுமே."

ஓடினாள். மகன் கண்மூடிக் கிடந்தான். கணவர் கையில் மருந்து பாட்டில், அளவுக் கிண்ணம். இரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இருபது," என்றது வாய்.

இல்லை. கத்தப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"இருபதா? நிச்சயமாவா?"

தலை நிதானமாக ஆமென்று அசைந்தது.

கணவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார். அவள் கைகள் அவளைக் கேட்காமலே போய், மகனின் தலையைப் பதமாக நிமிர்த்தி, வாயைத் திறந்து பிடித்துக்கொண்டன.