போடில் மூழ்கடித்த நீல வண்டி

கோடை விடுமுறையின் இரண்டாவது திங்கட்கிழமை. ஃபானோ தீவில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கூரை வீட்டில், அடுப்பில் முட்டை வேகும் முன்பே சண்டை வெந்து தயாராக இருந்தது.

வழக்கம்போல ஹென்னிதான் மூட்டிவிட்டாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளுடைய நாக்கை இரவல் வாங்கிக்கொண்டு போனால் தீவில் பிடிபடும் மீனையெல்லாம் காலைக் காப்பிக்குள் வெட்டி முடித்துவிடலாம்.

"போடில், வண்டிச் சாவி மேஜை மேல இருக்கு. கிட்டப் போயிடாதே. உன் கை பட்டா கடல் தானாக் கிளம்பி வீட்டுக்கு வந்துடும்."

ஆக்ஸல் வாயில் ரொட்டியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். போடிலின் புருஷன், ஹென்னிக்குத் தம்பி. மனைவி வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, மனைவி தடவிய வெண்ணெயைத் தின்றுகொண்டு, அக்கா பக்கம் சாய்ந்து சிரிக்கிற கலையில் அவனுக்கு டென்மார்க்கிலேயே ஜோடி கிடையாது.

மகன் த்ரோல்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த ஹெர்ரிங் மீன் துண்டைப் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி சிக்னேவுக்கு இந்த வீட்டில் இது முதல் கோடை. ஏழு மாத வயிறு. "தினம் இந்த வண்டியைச் சொல்லியே சிரிக்கிறீங்க. அது என்னதான் கதை?" என்று கேட்டுவிட்டாள்.

ஹென்னி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஐந்து பிறந்தநாள் ஒன்றாக வந்ததுபோல ஒரு வெளிச்சம்.

"உனக்கு இன்னும் யாரும் சொல்லலியா? எங்கப்பா விட்டுட்டுப் போன நீல வண்டிம்மா. உன் மாமனார் ஆறு குளிர்காலம் அதுக்கு அடியில படுத்துக் கிடந்து, ஒவ்வொரு ஆணியா மாத்தி உயிர் கொடுத்தான். உன் மாமியார் ஒரு நாள் அதை ஓட்டிட்டுப் போய் ஈர மணல்ல நிறுத்திட்டு வேடிக்கை பார்க்கப் போயிட்டா. தண்ணி வந்து கூரை வரைக்கும் முழுங்கிடுச்சு. பன்றிப் பண்ணையில பொறந்தவளுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும், பாவம்."

ஃபானோவில் கடற்கரைதான் சாலை. பேருந்தே மணல்மேல்தான் ஓடும். ஈரத்தில் கறுத்த மணலில் வண்டியை விடக் கூடாது என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கதை அவ்வளவு ருசியாகப் போயிற்று. பதினோரு கோடைகளாக அதை இழுக்காத சாப்பாட்டு வேளையே கிடையாது. தெற்கு முனையில் படுத்திருக்கும் கடல்நாய்களுக்குக்கூட மனப்பாடம்.

ஆனால் அன்று வண்டியை எடுத்தது போடில் அல்ல.

த்ரோல்ஸுக்கு அப்போது பதினேழு வயது. ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஒரு பெண்ணிடம் பெருமை காட்ட வண்டியை எடுத்துப் போனவன், வண்டி இல்லாமல் திரும்பி வந்து சமையலறையில் பல் கிட்டிப்போய் நின்றான். அதற்கு முந்தின வாரம்தான் ஆக்ஸல், "இன்னொரு தடவை தலைகுனிய வச்சா இந்த வாசல் உனக்குக் கிடையாது" என்று மேஜையைக் குத்தியிருந்தான். சொன்னால் செய்கிறவன், பகை வைத்துச் சொந்தச் சித்தப்பாவின் சாவுக்கே போகாதவன். போடில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கடற்கரைக்கு ஓடினாள். நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்று இடுப்பு வரை தண்ணீரில் இறங்கிப் பாவாடையை நனைத்துக்கொண்டு புருஷன் முன்னால் போய் நின்றாள். "நான்தான்" என்றாள்.

அன்றோடு ஆக்ஸல் அவளிடம் பேசும் குரலே மாறிப்போயிற்று. சுங்கச் சாவடியில் அதிகாரியிடம் பேசுவோமே, அந்தக் குரல். அவளுக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. வண்டிச் சாவிகூட வேண்டியிருக்கவில்லை. அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை, ஒரே ஒரு சொல்லை, அந்த வீட்டில் யாராவது சிரிக்காமல் நம்ப வேண்டும். அது மட்டும் நடக்கவே இல்லை...

"இன்னிக்குத் தெற்கு முனைக்குப் போறோம். சிக்னேவுக்குக் கடல்நாய் காட்டணும்" என்றான் ஆக்ஸல்.

போடில் ஜன்னலைப் பார்த்தாள். "இன்னிக்கு வேண்டாம் ஆக்ஸல். ராத்திரியிலிருந்து மேற்குக் காத்து. தண்ணி சீக்கிரமே திரும்பிடும். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வேற."

"தண்ணியைப் பத்தி நீ சொல்றியா?" என்றான் ஆக்ஸல்.

வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஹென்னி சிரித்த சிரிப்பில் அலமாரித் தட்டுகள் கிலுகிலுத்தன.

வண்டியைக் காய்ந்த மணலில் விட்டுவிட்டு நடந்தார்கள். கடல் பின்வாங்கியிருந்தது; கண்ணுக்கு எட்டிய மட்டும் ஈரத் தரை. மற்ற ஜனங்கள் வழிகாட்டியோடுதான் கடல்நாய்கள் படுக்கும் மணல் திட்டுக்குப் போவார்கள். ஆக்ஸலுக்கு வழிகாட்டியா? நடக்கப் பழகினதே இங்கேதான் என்பான். திட்டுக்கு முன்னால் ஒரு ஓடை, கணுக்கால் ஆழம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினார்கள். காப்பி, ரொட்டி, ஸ்ட்ராபெரி, ஹென்னியின் மடக்கு நாற்காலி எல்லாம் போடிலின் தோளில்.

கடல்நாய்கள் தூரத்தில் சோம்பேறி மாமாக்களைப்போலப் படுத்திருந்தன. எல்லோரும் அவற்றையே பார்த்தார்கள். போடில் மட்டும் திரும்பிப் பார்த்தாள். பழக்கம் அது. பதினோரு வருஷமாக அவள் கடற்கரையில் பின்னால் பார்க்காமல் நின்றதில்லை.

ஓடை அகலமாகியிருந்தது.

இங்கே கடல் முன்னால் வந்து பயமுறுத்தாது. முதலில் பின்பக்கத்து ஓடையில் சத்தமில்லாமல் நிரம்பும். நாம் முன்னால் பார்த்து ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் போகிற வழியை எடுத்துக்கொண்டுவிடும்.

"ஆக்ஸல், கிளம்பணும். இப்பவே."

"கடை வாசல்ல தண்ணி ஏறுற நேரம் எழுதி ஒட்டியிருக்கான். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"காத்து அந்தப் பேப்பரைப் படிக்காது. திரும்பிப் பாரு."

"உட்காரு போடில்" என்றாள் ஹென்னி நாற்காலியிலிருந்து. "பிள்ளைத்தாச்சிப் பொண்ணைப் பயமுறுத்தாதே."

"உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் ஹென்னி. என்னை எப்ப வேணாலும் திட்டிக்கலாம்... இப்ப எழுந்திருங்க." அவள் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஆக்ஸல், ஒரு தடவை. ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு."

ஆக்ஸல் கையை உதறினான். "உன்னை நம்பி ஒரு வண்டியை விட்டது போதும்."

போடில் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் கேட்பார்கள். சொன்னால் பிள்ளை போய்விடுவான். சொல்லாவிட்டால் எல்லோருமே போய்விடுவார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள்.

"அப்பா." த்ரோல்ஸின் குரல் உடைந்திருந்தது. "அம்மா சொல்றது சரி. வண்டியை விட்டதும் அம்மா இல்ல. நான். நான் எடுத்துட்டுப் போனேன், நான் கறுப்பு மணல்ல விட்டேன். அம்மா அப்ப வீட்டுல உருளைக்கிழங்கு வேக வச்சிட்டிருந்தா. என்னைக் காப்பாத்தறதுக்காகத் துணியை நனைச்சிட்டு வந்தா."

ஹென்னி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இப்படி ஒன்று நடந்ததாகச் சரித்திரத்திலேயே கிடையாது.

"அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்" என்றாள் போடில். "சிக்னே, என் தோளைப் பிடிச்சுக்கோ. த்ரோல்ஸ், ஹென்னி அத்தையைப் பாரு. நாற்காலி, கூடை எதையும் எடுக்காதீங்க. நடங்க."

நடந்தார்கள். கணுக்கால் ஓடை இப்போது தொடைக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. குளிர் எலும்பைப் பிடுங்கியது. நடு ஓடையில் இழுப்பு அவர்களைப் பக்கவாட்டில் தள்ளியது. "அத்தை, குழந்தை..." என்று சிக்னே அழுதாள். "குழந்தை உள்ள பத்திரமாத்தான் இருக்கு, நீ காலை மட்டும் பாத்து வை" என்று சொல்லிக்கொண்டே போடில் அவளைக் கிட்டத்தட்டச் சுமந்தாள். பின்னால் த்ரோல்ஸ் ஹென்னியை இழுத்து வந்தான். அவளுடைய வைக்கோல் தொப்பி அவர்களை முந்திக்கொண்டு வட கடலைப் பார்க்கப் போய்விட்டது.

காய்ந்த மணலில் சிக்னேவை உட்கார வைத்துவிட்டுப் போடில் திரும்பிப் பார்த்தாள். ஆக்ஸல் அக்கரையில், முழங்கால் தண்ணீரில், நட்ட கம்பம்போல நின்றுகொண்டிருந்தான். ஓடை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா வாப்பா" என்று த்ரோல்ஸ் கத்தினான். அவன் அசையவில்லை. கேட்டதாகவே தெரியவில்லை.

போடில் மறுபடி இறங்கினாள். "அம்மா, நான் போறேன்" என்று மகன் ஓடிவந்தான். "நீ உன் பெண்டாட்டியைப் பாரு" என்றாள். நெஞ்சு மட்டும் தண்ணீர். ஒரு இடத்தில் கால் தரையை விட்டுவிட்டது. விழுங்கி, இருமி, தத்தளித்து எப்படியோ போய்ச் சேர்ந்தாள்.

"ஆக்ஸல்."

"பதினோரு வருஷம்" என்றான் அவன். உதடு நீலமாகியிருந்தது. "உன்கிட்ட நான் எப்படியெல்லாம்..."

"என்னைத் திட்டறதுக்காவது உயிரோட வா" என்று அவன் கையைப் பிடித்தாள்.

அவன் வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வியும் கேட்காமல், அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து, கழுத்து மட்டும் தண்ணீரில், சின்னப் பையனைப்போல வந்தான்.

கரையில் ஐந்து பேரும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திட்டு இருந்த இடத்தில் கடல். மடக்கு நாற்காலியின் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து, அதுவும் போயிற்று.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று ஆக்ஸல் கேட்டான். "ஒரு நாள் சொல்லியிருக்கலாமே போடில். எத்தனையோ நாள் இருந்ததே."

போடில் பாவாடையைப் பிழிந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது, வந்ததும் நிற்கவில்லை.

"நீ கேக்கலியே. நான்தான்னு சொன்னதும் உடனே நம்பிட்டே. ஒரு தடவைகூட, இவ அப்படிச் செய்யறவ இல்லையேன்னு உனக்குத் தோணல. வண்டி போனதுக்கு நீ அழுதே. நான் அதுக்கு அழல ஆக்ஸல். நீ அவ்வளவு சுலபமா நம்பினியே, அதுக்குத்தான் அழுதேன்... தினம் உன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவறப்ப அழுதேன்."



வீட்டுக்கு வந்ததும் அவள் உடை மாற்றிக்கொண்டு சின்னப் பையில் துணியை அடுக்கினாள். "எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். விடுமுறை முடியறவரைக்கும் நீங்களே சமைச்சுக்கோங்க." கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஹென்னி எழுந்து போய் உருளைக்கிழங்குக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு தோல் சீவ ஆரம்பித்தாள். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. "உப்பு எங்க வைப்பே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் இருந்த மன்னிப்பைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. போடில் தோண்டி எடுத்துக்கொண்டாள். "அடுப்புக்கு மேல் தட்டுல, ஹென்னி."

வாசலில் த்ரோல்ஸ் அவளைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்து விம்மினான்.

"போதும். பொறக்கப்போற குழந்தைக்கு இந்தக் கதையை நீயே சொல்லு. அத்தைகிட்ட விட்டுடாதே, அவ இன்னும் ரெண்டு வண்டியை முழுக வச்சிடுவா."

அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படகு கிளம்ப மணி அடித்தபோது அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஆக்ஸல். பை இல்லை. தலையில் உப்பு காய்ந்து பூத்திருந்தது. சட்டையைக் கோணலாகப் பொத்தான் போட்டிருந்தான்.

தீவு மெல்ல நகர்ந்தது. அவன் தொண்டையைக் கனைத்தான்.

"எங்க போறோம்?"

"நான் எங்க அக்கா வீட்டுக்கு. நீ எங்கன்னு எனக்குத் தெரியாது."

"பன்றிப் பண்ணைக்கா?" என்று கேட்டவன், கேட்ட தொனிக்குத் தானே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "அங்க என்னைச் சேர்ப்பாங்களா?"

"தெரியல. அக்கா வாசல்லயே நிறுத்திக் கேப்பா. எதுக்கு வந்தேன்னு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீதான் எல்லாம் சொல்லணும்."

அவன் தலையாட்டினான். முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல முணுமுணுத்துப் பார்த்தான். "என் மகன் ஒரு நாள், எங்கப்பா வண்டியை எடுத்துட்டுப் போய்..."

"அங்கேயிருந்து இல்ல ஆக்ஸல்" என்றாள் போடில். கடலைப் பார்த்துக்கொண்டே அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டாள். "நான் சொன்னதும் நீ நம்பினே பாரு. அங்கேயிருந்து ஆரம்பி."