காத்து ஓட்டை அடைச்ச கோயில்

மாதா கோயில் வேலைக்கு நாங்க போய் இறங்கினது ஒரு மழைக்காலத்துக் காலமை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில ஒரு துண்டு மணல், அதில கோயில். என்ட புருசன் நிஷாந்த் மேசன். கலாஜினியாகிய நான் அவருக்குச் சாந்து குழைச்சுக் குடுக்கிற ஆள். ஊர் கிரான். நாங்க சைவம். எண்டாலும் மாதாவோட எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல.

சண்டை முடிஞ்ச கையோட அவரை வன்னியில வச்சு ஆமிக்காரங்க புடிச்சுத் தடுப்பு முகாமில போட்டுட்டாங்க. நான் ஏறாத படி இல்ல, விழாத கால் இல்ல. ஒரு மாதிரி விட்டாங்க. இனி இந்த மனிசனை ஒருத்தனும் என்னட்ட இருந்து கொண்டுபோக விடமாட்டன் எண்டு முடிவெடுத்திட்டன். அதாலதான் சாந்துச் சட்டியத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலயே திரிஞ்சன். ஊர்ப் பொம்பிளையள் வாயைப் பொத்திச் சிரிப்பாளுகள். சிரிச்சிட்டுப் போகட்டும், அவளுகளுக்கென்ன தெரியும்.

கோயில் வெள்ளைக்காரன் காலத்தது. கட்டினவன் நம்மட வெக்கையையும் காத்தையும் நல்லாப் படிச்சிருக்கான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தடிச்ச சுவர். சுத்திவர விறாந்தை. கடல் பக்கமும் வாவிப் பக்கமும் எதிரெதிராக் கதவுகள். கூரைக்குச் சரியாக் கீழ வரிசையாக் காத்து ஓட்டைகள், ஒவ்வொண்டும் தேங்காய் அளவு. வெளியில வெயில் கொளுத்தினாலும் உள்ள குளிரும்.

அண்டைக்கு அந்தக் குளிர் எனக்குப் புடிக்கல்ல. வவ்வால் எச்ச மணத்தோட ஒரு ஈரமணம், சேத்து மணம் வந்துது.

சுவருக்கு சிமெந்து பூசிக் காத்து ஓட்டைகளையும் அடைக்கச் சொல்லியிருந்தார் பாதர். சுனாமி வீட்டுத் திட்டத்தில மிஞ்சின சிமெந்து மூட்டை மூட்டையாக் கிடந்துது. ஓட்டையால மழைத்தூவானமும் வவ்வாலும் வருதாம். வருசக்கணக்கா வராத மழையா இப்ப வருது எண்டு நான் முணுமுணுத்தன். ஆர் கேக்கிறாங்க.

நிஷாந்த் சுவரோட கட்டின மரச் சாரத்தில ஏறி நிண்டு கூப்பிட்டார்.

"புள்ள, இஞ்ச வந்து பாரன்."

ஏறிப் பாத்தன். ஓட்டையச் சுத்திச் சுண்ணாம்பில கீறல். மேல கீழ, குறுக்க நெடுக்க. பூனை பிறாண்டின மாதிரி. எல்லா ஓட்டையிலயும் அப்படித்தான்.

கீழ நிண்ட நாகரெத்தினம் அண்ணன் தலையக் குனிஞ்சுகொண்டார். கோயிலைப் பாத்துக்கொள்ற ஆள் அவர்.

"நகம் தங்கச்சி," எண்டார். "என்ட நகமும் அதில இருக்கு."

வாடைக்காத்துக் காலத்தில கடல் பக்கக் கதவெல்லாத்துக்கும் குறுக்குக்கட்டை போட்டு வைக்கிறது அங்க வழக்கம். சுனாமி வந்த அண்டைக்கு, யேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமைப் பூசையிலயும் போட்டுத்தான் கிடந்துதாம். அதால கடல் வந்தத ஒருத்தரும் காணல்ல. கதவுகள உடைச்சுக்கொண்டு தண்ணி உள்ள வர, சனம் வாவிப் பக்கக் கதவுகளுக்கு ஓடியிருக்கு. அது உள்ளுக்கு இழுத்துத் திறக்கிற கதவு. தண்ணியும் சனமும் நெரிக்க, ஆரால இழுக்க ஏலும்? தண்ணி கூரை வரைக்கும் ஏறினாப் பிறகு மிதந்தவங்க அந்த ஓட்டைகளில வாய வச்சு மூச்சு எடுத்திருக்காங்க.

"ஒரு ஓட்டைக்கு ஒரு வாய்தான் தங்கச்சி," எண்டார்.

எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது. "பிறகேன் அடைக்கச் சொல்றீங்க அண்ணன்? பாவம், கிடக்கட்டுமே."

"நான்தான் பாதரக் கேட்டன். சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"காதை வச்சுப் பாருங்க."

வச்சன்.

ஆரோ மூச்சை உள்ள இழுத்தாங்க. திரும்பவும் இழுத்தாங்க. திரும்பவும்.

வெளிய விடுற சத்தமே இல்ல.

நான் சாரத்தால எப்படி இறங்கினன் எண்டு எனக்கே தெரியா. "வாங்க போவம், இந்த வேல நமக்கு வேணாம்," எண்டு கீழ நிண்டு அவர் கட்டியிருந்த சாரனப் புடிச்சு இழுத்தன். நிஷாந்த் சிரிச்சார். "தடுப்பில கேக்காத சத்தமா கலா? காத்துத்தான் இது." நாகரெத்தினம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "அடைச்சு விடுங்க தம்பி. நான் நித்திரை கொண்டு வருசக்கணக்காகுது." கும்பிட்ட கையத் தட்டிவிட எனக்கு மனம் வரல்ல.

கடைசி ஓட்டையும் அடைபட்டுது.

கோயில் கம்மெண்டு போச்சு. கடல் சத்தமும் கேக்கல்ல. அண்ணன் முழங்காலில நிண்டு அழுதார். நான் சட்டியக் கழுவத் திரும்பினன்.

சாரத்தில இருந்து சாந்துக் கரண்டி விழுந்துது.

நிஷாந்த் வாயை ஆவெண்டு திறந்துகொண்டு நிண்டார்.

"காத்து... இல்ல, கலா."

ஓட்டோவில ஏத்தி மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனம். டொக்டர் எக்ஸ்ரே படத்தப் பாத்திட்டு என்னப் பாத்தார்.

"எந்தக் கடலுக்க விழுந்தவர்?"

"ஐயோ டொக்டர், அவர் கால்கூட நனைக்கல்ல."

"நெஞ்சு முழுக்க உப்புத்தண்ணி நிக்குதம்மா."

அவரை அங்க விட்டிட்டு அதே ஓட்டோவில கோயிலுக்குத் திரும்பினன். அண்ணன் கோயில் வாசலில குறுக்க நிண்டார். "திறக்காதீங்க தங்கச்சி, உங்களக் கும்பிட்டன்." நான் அந்த மனிசன இடிச்சுத் தள்ளிட்டு ஏறினன். உளியும் சுத்தியலும் எடுத்து ஒவ்வொண்டா உடைச்சன். சிமெந்து இன்னும் ஈரம். முதல் ஓட்டை திறந்ததும் என்ட தலைமயிர் அந்தப் பக்கமா இழுபட்டுது. காத்து வரல்ல. போச்சு. "எடுங்க! வேணுமான அளவு எடுங்க! என்ட மனிசன விடுங்க!" எண்டு கத்திக் கத்தி உடைச்சன். கையெல்லாம் ரெத்தம்.

ஆசுப்பத்திரிக்கு வந்து பாக்க, அவர் கட்டிலில எழும்பி இருந்து தேத்தண்ணி குடிக்கார். டொக்டருக்கே புதினம். நான் வாட்டுக்குள்ளயே விழுந்து கும்பிட்டன். மாதாவையும் பிள்ளையாரையும் ஒண்டாக் கும்பிட்டன். அப்படியொரு சந்தோசம் எனக்குச் சீவியத்தில வந்ததில்ல.

கிரானுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். நல்லாத்தான் இருக்கார். கதைக்கார், பகிடி விடுறார், சோத்துக்கு மீன் குழம்பு கேக்கார்.

நேத்து மத்தியானம் சாப்பிட்டுட்டுப் பாயில சாஞ்சவர் அப்படியே நித்திரையாப் போனார். நான் பக்கத்தில இருந்து விசிறிக்கொண்டிருந்தன். ஆசையாக் கிடந்துது. அவர்ர நெஞ்சில கைய வச்சன்.

நெஞ்சு அசையல்ல.

உடம்பு சூடாத்தான் இருந்துது. வாய் கொஞ்சம் திறந்து கிடந்துது. குனிஞ்சு காதை வச்சன்.

உள்ள இழுக்கிற சத்தம். ஒரு ஆம்பிளை இழுத்தார். பிறகு ஒரு கிழவி, இருமி இருமி. பிறகு ஒரு சின்னப்பிள்ளை, அவசர அவசரமா. முறை வச்சு, ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்.

அவரை ஆரிட்டயும் காட்ட மாட்டன். காட்டினாக் கொண்டுபோயிருவாங்க.

எழுப்பவும் பயமா இருக்கு. எழுப்பினா ஆர் எழும்புவாங்களோ.