அக்கரை விலை

காலை ஆறரை மணி. தோணிரேவு குப்பத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியில் தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்த ஃபைபர் படகில் மூர்த்தி செத்துக் கிடந்தான். பின்மண்டையில் பலத்த அடி. காலடியில் ஆறு பெட்ரோல் கேன்கள்.

பழவேற்காடு ஸ்டேஷன் எஸ்.ஐ. தெய்வநாயகி படகில் ஏறினாள். ஆறு கேனும் கழுத்துவரை நிறைந்திருந்தன. எஞ்சின் டேங்க் மூடியைத் திறந்தாள், அதுவும் தளும்பியது. ஒரு கேனைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். சட்டென்று ஆவியாக வேண்டியது, வெகுநேரம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மூர்த்தி செய்த தொழில் ஊருக்கே தெரியும். பெட்ரோலுக்கு ஆந்திராவில் வரி அதிகம், தமிழ்நாட்டில் குறைவு. இங்கே வாங்கி ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆந்திரக் குப்பங்களில் விற்றால் லிட்டருக்குச் சில ரூபாய் நிற்கும். வாங்கிக் கொடுப்பது வேணு, படகோட்டிப் போய் விற்பது மூர்த்தி.

மனைவி இறந்தபின் மூர்த்திக்கென்று ஊரில் யாரும் இல்லை. "அவரு யாராண்டயும் பேசமாட்டாரு மேடம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. உடலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஒரு விசும்பல்கூடக் கேட்கவில்லை. மாற்றலாகி வந்து குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கும் தெய்வநாயகிக்கு அந்த அமைதி என்னவோ செய்தது.

பத்து மணி. வேணு ஸ்டேஷனுக்கு வந்தான்.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"நேத்து பொழுது சாயறப்போ மேடம். அந்தாண்டேர்ந்து திரும்பி வந்துக்கினு இருந்தான். என்னைப் பார்த்து கை ஆட்னான். அப்பால வழுக்கி எஞ்சின் மேல உழுந்துட்டிருப்பான்."

"வித்துட்டு வந்தவன் கேன் எப்படி ரொம்பியிருக்கு?"

வேணு தயங்கவில்லை. "கச்சா எண்ணெய் வெலை எறங்கிப்போச்சே மேடம். ரெண்டு பக்கமும் பெட்ரோல் வெலையைக் கொறச்சுட்டாங்க. இனிமே இவனாண்ட எவன் வாங்குவான்? விக்காம எடுத்தாந்துட்டான்."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. அவனை உட்காரவைத்துவிட்டு மூர்த்தியின் செல்போனை எடுத்தாள். அதில் அவன் பேசியதெல்லாம் ஒரே எண்ணுக்கு. அடித்தாள்.

எடுத்தவள் மாலா. அக்கரைக் குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். மூர்த்தி இறந்ததைத் தெய்வநாயகி சொன்னாள்.

"நேத்து அவரு வரவேயில்ல மேடம். போன வாரம் குடுத்த பெட்ரோல்ல எங்க நைனா படகு கடல்ல நின்னுபோச்சு. காத்து வேற. பொழச்சு வந்ததே பெரிசு. முந்தாநேத்து வந்தப்போ நான் சொன்னதும் மூஞ்சி செத்துப்போச்சு அவருக்கு. வேணுவைக் கேக்கறேன்னுட்டுப் போனாரு."

தெய்வநாயகி திரும்பி வந்து வேணுவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூர்த்தி நேத்து கரையை விட்டே போகலை."

"இன்னா மேடம் சொல்றீங்க? கண்ணால பார்த்தேன்."

"அக்கரைக்குப் போய்த் திரும்பினா டேங்க் பாதியாவது காலியாகணும். தளும்பிக்கிட்டு இருந்துச்சு. கேன்லேர்ந்து ஊத்தியிருந்தா கேன் குறைஞ்சிருக்கணும். ஆறும் முழுசா இருக்கு."

"அந்தாண்ட பங்க்ல ரொப்பியிருப்பான்."

"வெலை எறங்கினாலும் அந்தப் பக்கம் இன்னும் ஜாஸ்திதான், வேணு. கைவசம் ஆறு கேன் வெச்சுக்கிட்டு, கூடுதல் காசு குடுத்து அங்கே எவனாவது வாங்குவானா?"

வேணு நாற்காலியை விட்டு எழப் பார்த்தான். தெய்வநாயகி கைகாட்டி உட்காரவைத்தாள்.

"வரி சதவீதக் கணக்கு. வெலை எறங்கினதும் ரெண்டு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் சுருங்கிப்போச்சு. விட்டதைப் பிடிக்க நீ மண்ணெண்ணெய் கலந்தே. என் கையில ஊத்திப் பார்த்துட்டேன். அதை மூர்த்தி உன்கிட்டே கேட்டான்."

"அந்தாண்ட போயி எல்லார்ட்டயும் சொல்லிடுவேன்னான் மேடம்," என்றான் வேணு, தரையைப் பார்த்தபடி. "துடுப்பு கைல இருந்துச்சு. ஒரே அடி. அப்டியே படகோட தள்ளி உட்டேன்."

மாலை நான்கு மணிக்கு மாலா படகும் பஸ்ஸும் மாறி, மூர்த்தியின் உடல் இருந்த பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். சவக்கிடங்கு வாசலில் தெய்வநாயகியைத் தவிர வேறு யாரும் இல்லை.

"நீங்க என்ன உறவு?"

"உறவுன்னு ஒண்ணுமில்ல மேடம். வருவாரு, ரெண்டு இட்லி துன்னுவாரு, பேசிக்கினு குந்தியிருப்பாரு."

"பேசுவாரா?"

"ஐயோ, ஓயவே மாட்டாரு." மாலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெலை எறங்கினப்புறம் இதுல இன்னா நிக்குதுன்னு இம்மாந்தூரம் வரீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. இன்னொரு இட்லி வைன்னாரு."

தெய்வநாயகி தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவரை எடுத்துக்கினு போக ஆளு வேணுமாமே மேடம். நான் ஒருத்தி போதுமா?"

"நானும் வரேன்," என்றாள் தெய்வநாயகி.